கன்று வாங்கும் முன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி பிறந்ததும் நர்சரிகளில் கூட்டம் சேரத் தொடங்கிவிடும். புது வீடு கட்டிக் குடிபோனவர்கள் ஒட்டு மா, கொய்யா, எலுமிச்சை, கறிவேப்பிலை, நாலைந்து செம்பருத்தி என்று ஆட்டோ நிறைய ஏற்றிக்கொண்டு போவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாம் துளிர்த்து நிற்கும். பங்குனி வெயில் வந்ததும் பாதிச் செடி வெளிறிப்போய், இலை சிறுத்து, நுனி கருகி நிற்கும். நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பார் ஒருவர். கைராசி இல்லை என்பார் இன்னொருவர். வாஸ்துவைக் குறை சொல்பவர்களும் உண்டு. செடிக்கு ஒரு சாண் கீழே கடப்பாரையை இறக்கிப் பார்ப்பவர்கள் அரிது. காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பதால் இந்தக் கடிதம்.

ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2400 சதுர அடியில், வீடு போக மிஞ்சுவது முன்புறம் கொஞ்சம், பக்கவாட்டில் மூன்றிலிருந்து ஐந்தடிப் பட்டை, பின்புறம் கொஞ்சம். வீட்டு வேலை நடந்த மாதங்கள் முழுக்க அந்தப் பட்டைதான் கலவை போடும் இடம், செங்கல் அடுக்கும் இடம், டைல்ஸ் அறுக்கும் இடம், பட்டி பார்த்த சட்டியைக் கழுவி ஊற்றும் இடம். வேலை முடியும்போது மேஸ்திரி என்ன செய்கிறார்? உடைந்த செங்கல், காய்ந்த கலவைக் கட்டி, ஜல்லி, சிமெண்ட் மூட்டைச் சாக்கு, சென்டரிங் பலகைத் துண்டு எல்லாவற்றையும் அங்கேயே பரப்பி மட்டம் செய்து, மேலே ஒரு லோடு செம்மண்ணைத் தூவிவிடுகிறார். பார்க்க அழகான சிவப்பு. அதன் கீழே இருப்பது ரப்பீஸ்.

சிமெண்ட் கடும் காரம். புதுக் கலவையின் கார அமில அளவு (பி.எச்.) 12-க்கு மேல். நாளாக ஆக அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்புக் கல்லாக மாறும். அளவு 8-க்குச் சற்று மேலே இறங்கி அங்கேயே நின்றுவிடும். அந்த நிலையில் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. துத்தநாகமும் மாங்கனீசும் அப்படியே. போதாக்குறைக்கு லாரியும் கலவை இயந்திரமும் ஏறி இறங்கி மண் கல்லாக இறுகியிருக்கும். சென்டரிங் பலகை மண்ணுக்குள் மட்கும் இடத்தில் கரையான் குடியேறும். இந்த மண்ணில் 600 ரூபாய் ஒட்டுக் கன்றை வைத்துவிட்டு மாதாமாதம் உரம் வாங்கிப் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கும் வேலை.

உங்கள் வீட்டு நிலம் எப்படி என்று அறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். நாலு இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். கடப்பாரை எங்கே ‘டங்’கென்று நிற்கிறது, எத்தனை அங்குலத்துக்குப் பிறகு ஜல்லி வருகிறது என்று பாருங்கள். ஒரு பிடி மண்ணை உலர்த்தித் தூளாக்கித் தட்டில் வைத்து, சமையலறை வினிகரை நாலு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மிகுதி. அடுத்து, குழியில் தண்ணீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பிய தண்ணீர் மறுநாள் காலையிலும் நின்றால் அங்கே பப்பாளியோ எலுமிச்சையோ வைக்கவே கூடாது. இரண்டு நாள் வேரில் தண்ணீர் கட்டினால் பப்பாளி சரிந்துவிடும். சரியான எண் வேண்டுமென்றால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு அரைக் கிலோ மண் கொடுக்கலாம். மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ வடிவில் அரை அடி ஆழத்துக்கு வெட்டி, அந்தப் பக்கச் சுவரிலிருந்து சுரண்டி, ஐந்தாறு இடத்து மண்ணைக் கலந்து எடுக்க வேண்டும். மரம் வைப்பதாக இருந்தால் ஓரடி, இரண்டடி, மூன்றடி ஆழத்து மண்ணைத் தனித்தனிப் பையில் கொடுப்பது நல்லது. மேலே செம்மண், கீழே கலவைக் கட்டி என்ற வித்தியாசம் அப்போதுதான் காகிதத்தில் தெரியும்.

இனி, சரிசெய்வது. நாலடி அகலம், முப்பதடி நீளப் பட்டை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை அடி ஆழம் வெட்டினால் 180 கன அடி. லாரிக்காரர் கணக்கில் ஏறத்தாழ இரண்டு யூனிட். இரண்டு ஆள், இரண்டு நாள் வேலை. எடுத்த மண்ணை அரை அங்குலச் சல்லடையில் சலித்தால் நல்ல மண் கொஞ்சம் மிஞ்சும், மிச்சத்தை வெளியேற்றுங்கள். திருப்பி நிரப்புவது பாதி மேல்மண், கால் பங்கு மக்கிய எரு, கால் பங்கு மணல். கடற்கரை ஓர மனைகளில் ஏற்கெனவே மணல்தான் என்பதால் அங்கே மணலுக்குப் பதில் வண்டல் சேர்க்க வேண்டும். எம்-சாண்ட் போடுவதானால் கழுவியதாக இருக்கட்டும். அதிலுள்ள கல்தூள் ஈரத்தில் இறுகி மண்ணின் கண்ணை அடைத்துவிடும். மண் அமுங்கும் என்பதால் நாலு அங்குலம் உயர்த்தியே நிரப்புங்கள். 120 சதுர அடிக்கு 3 கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலக்கலாம்.

‘செம்மண்’ என்று வருவது எல்லாமே மேல்மண் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல லோடுகள் பத்தடி ஆழத்தில் வெட்டிய கிராவல். ஈரமாக்கிப் பிடித்தால் பிசுபிசுக்கும், காய்ந்தால் ஓடுபோல வெடிக்கும். லோடு இறக்கும் முன் ஒரு கைப்பிடி எடுத்து நனைத்துப் பாருங்கள். எருவிலும் இதே கவனம் வேண்டும். நன்கு மக்கிய எருவில் சாண வாடை வராது, கையில் ஒட்டாது, உள்ளே கைவிட்டால் சூடு இருக்காது. அரைகுறையாக மக்கியதைப் போட்டால் வெள்ளையாக, அரை வட்டமாகச் சுருண்டு கிடக்கும் புழுக்கள் கூடவே வரும். அவற்றில் வேர் கடிக்கும் இனமும் இருக்கும்.

வெட்டி எடுக்கப் பணமோ வழியோ இல்லாதவர்களுக்கு ஒரு மலிவான வழி உண்டு. ஆடியில் நிலத்தைக் கொத்திவிட்டுத் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதையுங்கள். இந்தப் பட்டைக்கு நூறு கிராம் விதை தாராளம். உவர், களர் மண்ணையும் தாங்கும் செடி அது. நாற்பத்தைந்தாம் நாள், பூக்கத் தொடங்கும்போது மண்வெட்டியால் துண்டாக்கி மண்ணோடு புரட்டிவிட்டால், இரண்டு மூன்று வாரத்தில் மட்கி, புரட்டாசிக் கடைசியில் நடவுக்கு நிலம் தயார். ஜல்லி போகாது, மண் பொலபொலப்பாகும். இரண்டு ஆண்டு தொடர்ந்து செய்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அதுவரை கீரையும் கொடியும் போதும், மரத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

இந்த மண்ணில் செய்யக் கூடாதவை மூன்று. சாம்பல் போடக் கூடாது, முட்டை ஓடு போடக் கூடாது, சுண்ணாம்பு கரைத்து ஊற்றக் கூடாது. மூன்றும் சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பு. அமில மண் உள்ள மலைப்பகுதி வீடுகளுக்குச் சொல்லப்படும் வைத்தியத்தை வாட்ஸ்அப்பில் பார்த்து சமவெளியில் செய்கிறார்கள். ஜிப்சமும் அப்படித்தான். அது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு மருந்து. கலவைக் கட்டி நிறைந்த மண்ணின் காரத்தை அது குறைக்காது.

கட்டட ஒப்பந்தத்தில் கதவுக் கைப்பிடி எந்தக் கம்பெனி என்பது வரை எழுதுகிறோம். ‘வேலை முடிந்ததும் வீட்டைச் சுற்றி ஒன்றரை அடி ஆழம் வரை இடிபாடு அகற்றித் தரப்படும், அஸ்திவாரம் தோண்டும்போது எடுத்த முதல் ஓரடி மேல்மண் மனையின் ஒரு மூலையில் தனியாகக் குவித்துப் பாதுகாக்கப்படும்’ என்ற ஒரு வரியை ஏன் எழுதுவதில்லை? மேல்மண்ணை அஸ்திவாரத்துக்குள்ளேயே கொட்டி நிரப்பிவிட்டு, பிறகு காசு கொடுத்து கிராவல் வாங்குவதுதான் நடைமுறையாக இருக்கிறது. கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் தங்கள் மாதிரி ஒப்பந்தத்தில் இதைச் சேர்த்தால் புண்ணியமாகப் போகும். கலவை போடுவதற்கு ஒரே இடம் என்று முதலிலேயே குறித்துக் கொடுத்து, பழைய தகரமோ தார்ப்பாயோ விரித்துவிட்டால், பாதிப் பிரச்சினை பிறக்கவே பிறக்காது.

சுவரை ஒட்டிய முதல் ஓரடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புது வீட்டில் கரையான் தடுப்புக்கென்று அஸ்திவாரத்தைச் சுற்றி குளோர்பைரிபாஸ் போன்ற மருந்தை மண்ணில் ஊற்றியிருப்பார்கள். அது ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும் என்பதற்காகவே ஊற்றப்படுவது. அந்த மண்ணில் கீரை, புதினா, கொத்தமல்லி போட்டுச் சாப்பிடக் கூடாது. மருந்து அடித்தார்களா, சுவரிலிருந்து எத்தனை அடி வரை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணைக் கிளறினால் கரையான் தடுப்பும் போய்விடும் என்பது இன்னொரு காரணம். சுவரோரம் இரண்டடிக்குச் சும்மா கூழாங்கல் பரப்பிவிடுவது சுவருக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது. பாத்தியின் மண் மட்டம் பிளிந்த் மட்டத்துக்கு, அதாவது வீட்டு அடித்தளத்தின் மேல்மட்டத்துக்கு, அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். பார்வைக்காக மண்ணை உயர்த்திச் சுவரில் அணைத்துவிட்டால், ஈரம் ஏறி, உட்புறம் பெயிண்ட் உப்புப் பூத்து உதிரும். பெயிண்டரை மாற்றி மாற்றிக் கூப்பிடுவோரில் சிலருக்கு வேண்டியது ஒரு மண்வெட்டி மட்டுமே.

வெயிலை எல்லோரும் கிழக்கு, மேற்கு என்றுதான் பார்க்கிறார்கள். நம் ஊரில் வடக்கும் தெற்கும் முக்கியம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்துவிடும். தெற்கே போகப் போக இந்த நாள்கணக்கு இன்னும் நீளும். ஆகவே வீட்டின் வடபுறப் பட்டையில் மே மாதம் வெயிலைப் பார்த்துவிட்டு மல்லிகை வைத்தால், மார்கழியில் அங்கே வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. காய்கறிக்கும் மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும். தெற்கும் கிழக்கும் அவற்றுக்கு. இரண்டு மாடிச் சுவர்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் வெயில் படும் சந்துக்கு வெற்றிலை, புதினா, கற்பூரவள்ளி, சேம்பு, மஞ்சள், இஞ்சி, கொடிப்பசலை போதும், எதுவும் ஏமாற்றாது. மேற்குச் சுவர்தான் மாலை முழுக்கச் சூட்டை வாங்கி இரவில் அறைக்குள் தள்ளுவது. அங்கே இடமிருந்தால் மரம், இல்லையென்றால் சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கம்பிவலை கட்டி சங்குப்பூவோ அவரையோ ஏற்றுங்கள். சுவரிலேயே ஒட்டிப் படரும் கொடி பூச்சைப் பெயர்த்துவிடும்.

தூரக் கணக்குக்கு வருகிறேன். கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை சுவரிலிருந்து ஐந்தடி. கொய்யா எட்டடி. முருங்கைக்குப் பத்தடி, அதன் வேருக்காக இல்லை, கிளைக்காக. காற்றில் முறிவதில் முருங்கைக்கு நிகரில்லை. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி தண்டில் அப்பிக்கொள்ளும். படுக்கையறை ஜன்னலருகே அது வேண்டாம். மா, வேம்பு, புங்கன் பதினைந்தடி. தென்னையின் வேர் நார்வேர், அஸ்திவாரத்தைப் பிளக்காது. ஆனால் மட்டை ஒவ்வொன்றும் பதினைந்தடிக்குக் குறையாது. விழுந்தால் பக்கத்து வீட்டுக் காரின் மேலா, மின்கம்பியின் மேலா என்று நட்ட அன்றே நிமிர்ந்து பார்த்துவிட வேண்டும். அரசு, ஆல், அத்தி இனம் எதுவும் மனைக்குள் வேண்டாம். குண்டு குண்டாக வெட்டி வாசலில் அழகுக்கு வைக்கும் ‘பைகஸ்’ செடியும் ஆலமரத்தின் உறவுதான். தொட்டியில் இருக்கும் வரை சாது, மண்ணில் இறங்கினால் சம்ப்பையும் செப்டிக் டேங்கையும் தேடிப் போகும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் கரிசல் மண்ணில் வீடு உள்ளவர்கள் இந்தத் தூரங்களை இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பெரிய மரம் கோடையில் ஈரத்தை உறிஞ்சும் பக்கம் அஸ்திவாரம் இறங்கி, சுவரில் படிக்கட்டு போல விரிசல் விடும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் சாய்ந்து கிடந்த பெருமரங்களைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். தண்டைச் சுற்றி சிமெண்ட் கட்டிய மரம் பல இடங்களில் வேரோடு தட்டுப்போலப் பெயர்ந்து விழுந்தது. வேருக்குக் காற்றும் நீரும் போக, சிறு மரத்துக்கு மூன்றுக்கு மூன்றடியும், பெருமரத்துக்கு ஆறுக்கு ஆறடியும் திறந்த மண் விட வேண்டும். கடலோர ஊர்களில் நிழல் மரம் வேண்டுவோர் வேகமாக வளர்ந்து முறியும் கொன்றை வகைகளை விட்டுவிட்டு மகிழம், புன்னை, பூவரசு என்று யோசிக்கலாம். மகிழம் மெதுவாகத்தான் வளரும். அதனால் என்ன?

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். சின்னப் பையில் ஆறடி உயரத்தில், காயோடு நிற்கும் மாங்கன்று வேர் சுருண்டது. பையின் அடியில் வேர் வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால், தூக்கும்போதே அது அறுந்துவிடும். இரண்டு மூன்றடி உயரம், பென்சிலைவிடத் தடித்த தண்டு, ஒட்டுப் போட்ட இடம் நன்கு கூடியிருப்பது, இவை போதும். ஒட்டில் சுற்றிய பாலிதீன் நாடா இன்னும் இருந்தால் நடும் முன் அறுத்துவிடுங்கள். மறந்துவிட்டால் தண்டு பருக்கும்போது அது கழுத்தை நெரிக்கும். இடம் குறைந்தவர்கள் மாவில் குட்டை ரகமான அம்ரபாலியைக் கேட்கலாம். முருங்கையில் பி.கே.எம்.1, எலுமிச்சையில் பி.கே.எம்.1, இரண்டும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்தவை. கறிவேப்பிலையில் வாசனைக்குச் செங்காம்பு. அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் கன்று மலிவு, ரகமும் நம்பிக்கை.

இனி, குழி. மாவுக்கு மூன்றடி நீளம், அகலம், ஆழம். எலுமிச்சைக்கும் கொய்யாவுக்கும் இரண்டரை அடி. நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே வெட்டி வெயில் காய விடுங்கள். மேல் ஓரடி மண்ணைத் தனியாகவும் அடி மண்ணைத் தனியாகவும் குவித்து, நிரப்பும்போது மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய எருவும் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து போடுங்கள். குழிக்குள் யூரியா, டி.ஏ.பி. வேண்டாம், இளம் வேர் வெந்துவிடும். பையைக் கிழித்து முழுவதும் எடுத்துவிட வேண்டும். ‘மண் உதிரும்’ என்று பையோடு இறக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் பிளேடால் மேலிருந்து கீழாக மூன்று நாலு இடத்தில் கீறிவிடுங்கள். பை மண்ணின் மேல்மட்டமும் தரை மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். ஒட்டு தரைக்கு மேல் அரை அடியாவது நிற்க வேண்டும். அது மண்ணுக்குள் போனால் அழுகும், ஒட்டுக்குக் கீழிருந்து நாட்டு மா துளிர்த்து மேலே உள்ளதைக் கொன்றுவிடும். ஒட்டுக்குக் கீழே வரும் எந்தத் துளிரையும் பார்த்த அன்றே கிள்ள வேண்டும்.

ஊன்றுகோலைத் தண்டோடு ஒட்டி அடிக்காமல், வேர்க்கட்டிக்கு வெளியே இரண்டு பக்கமும் இரண்டு குச்சி அடித்து, தேங்காய் நார்க் கயிற்றால் ‘8’ வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு கொஞ்சம் ஆட வேண்டும். ஆடினால்தான் அடி பருக்கும். கம்பியும் நைலான் கயிறும் தண்டை அறுக்கும்.

தண்ணீர் விஷயத்தில் நடக்கும் தவறு, தினமும் ஒரு சொம்பு. மேல் இரண்டு அங்குலம் மட்டும் நனையும். வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். முதல் ஆண்டு, மழை இல்லாத வாரத்தில் இரண்டு தடவை, தடவைக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் மெதுவாக இறங்க வேண்டும். வட்டப் பாத்தியை ஆண்டுக்கு அரை அடியாவது வெளியே தள்ளிக்கொண்டே போங்கள். எலுமிச்சைக்கு இரட்டைப் பாத்தி. தண்டைச் சுற்றி ஒரு சிறு மேடு, அதற்கு வெளியேதான் தண்ணீர். தண்டில் தண்ணீர் நின்றால் பட்டை வெடித்துப் பிசின் வடியும். மண்ணை மூடச் சருகு போன்ற மூடாக்கு மூன்று அங்குலம் போடுங்கள், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. தேங்காய் மட்டையை மேலே மூடாக்காகப் போட்டால் குவிந்த பக்கம் மேலே. மண்ணுக்குள் புதைத்தால் குழிந்த பக்கம் மேலே. அது கிண்ணம்போல ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

எந்தத் தண்ணீர் என்பதும் கேள்வி. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறோம் என்று பலர் பெருமைப்படுகிறார்கள். குடிக்க வேண்டாம் என்று இயந்திரம் பிரித்த உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. தினமும் ஊற்றினால் மண் மேல் வெள்ளை பூக்கும், இலை ஓரம் கருகும். அது தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகட்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் நேர்மாறு. காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பு ஏறக்குறைய இல்லை. போர் தண்ணீரால் வெளிறிய கறிவேப்பிலைக்கு அதைவிட நல்ல தண்ணீர் வீட்டில் கிடைக்காது. துணி துவைத்த முதல் தண்ணீரில் சோடியம் மிகுதி, வேண்டாம். அலசிய தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகலாம். வாளியில் இரண்டு நாள் தேக்கினால் நாறும்.

கறிவேப்பிலை வெளிறுவதற்குத்தான் அதிகம் வைத்தியம் சொல்கிறார்கள். முதலில் எந்த இலை என்று பாருங்கள். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. அடி இலை முழுதாக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை. எல்லா இலையும் தொங்கி, மண் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. அதற்கு எந்த மருந்தும் ஊற்றாதீர்கள், வடிகால் வெட்டுங்கள். இரும்புக் குறைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), ஒரு கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). எலுமிச்சை உப்பை முதலில் கரைக்க வேண்டும். மாலையில் இலையின் இருபுறமும் நனையத் தெளித்து, பதினைந்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை. அன்றன்று கரைத்தது அன்றே தீர வேண்டும், பழுப்பானால் பயனில்லை. டைல்ஸில் பட்டால் துருக்கறை போகாது. தெளித்த வாரம் இலை பறிக்க வேண்டாம், பிறகும் கழுவியே எடுங்கள். அன்னபேதியை மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதைக் கட்டிப்போட்டுவிடும். கடையில் ‘செலேட்’ இரும்பு, அதாவது மண் கட்டிப்போடாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு, கேட்டால் பொதுவாக ஈ.டி.டி.ஏ. (EDTA) வகையைத் தருவார்கள், அது கார மண்ணில் நிற்காது. மண்ணில் இட ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று கேட்டு வாங்க வேண்டும், விலை கூடுதல். புளித்த மோர் கெடுதல் செய்யாது. ஆனால் ஒன்றரை அடி கலவைக் கட்டியை ஒரு தம்ளர் மோர் என்ன செய்யும்?

கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, பற்றிச் சுருக்கமாக. கறிவேப்பிலையை மூன்றடியில் நுனி கிள்ளி, ஐந்தாறு கிளை விடச் செய்யுங்கள். விதை போட்ட முருங்கையை இரண்டரை அடியில் கிள்ளுங்கள். காய் முடிந்ததும் மூன்றடியில் வெட்டினால் மறுபடி கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். குண்டுமல்லியைக் கார்த்திகையில் ஒன்றரை அடிக்கு வெட்டித் தண்ணீரைக் குறையுங்கள், பங்குனியில் மொட்டு வாங்கலாம்.

முன்புறம் புல்தரை கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 300 சதுர அடிப் புல்லுக்குக் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 140 லிட்டர். 2019 கோடையில் சென்னையில் குடிநீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பச்சைத் தரைதான் வேண்டுமென்றால் பொடுதலை இருக்கிறது. நம் வாய்க்கால் ஓரச் செடி. துண்டு துண்டாக அரை அடி இடைவெளியில் நட்டால் மழைக்காலத்தில் மூடிவிடும், புல்லைவிடத் தண்ணீர் குறைவு, வெட்டும் வேலையும் குறைவு. பூக்கும்போது தேனீ வரும். வெறுங்காலில் நடக்கும் குழந்தைகள் உள்ள வீட்டில் பூவை மட்டும் நறுக்கிவிடுங்கள்.

அதைவிட மோசம், தொல்லையே வேண்டாம் என்று சுற்றிலும் சிமெண்ட் போட்டு மூடுவது. ‘இன்டர்லாக் கல்தானே போட்டிருக்கிறோம், தண்ணீர் இறங்குமே’ என்பார்கள். கல்லுக்கு அடியில் நாலு அங்குலம் கான்கிரீட் போட்டிருந்தால் எங்கே இறங்கும்? கார் ஏறும் இரண்டு தடத்துக்கு மட்டும் கல், நடுவே மண் என்று விடலாம். நடைபாதைக்கு ஜல்லியும் மணலும் பரப்பி இடித்து அதன் மேல் கல் பதித்தால் போதும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். ஆயிரம் சதுர அடி மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டர் இறங்குகிறது. அந்தக் குழாயை நேராக உறைக்குழிக்குள் விடாமல், முன்னால் ஒரு சிறு வண்டல் தொட்டி கட்டி, அதைப் புரட்டாசிக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் தூர்வாருங்கள். பல வீடுகளில் உறைக்குழி இருக்கிறது. சருகும் சேறும் அடைத்து வெறும் கொசுக்குழியாக இருக்கிறது. உறைக்குழியிலிருந்து பத்தடிக்குள் மரம் வேண்டாம்.

மாநகராட்சிகளும் நகராட்சிகளும் தொண்டு அமைப்புகளும் இலவசமாகக் கன்று தருகின்றன, நல்ல காரியம். கன்றோடு கைக்குட்டை அளவு காகிதம் ஒன்றும் தரலாம்: குழி எத்தனை அடி, சுவரிலிருந்து எத்தனை அடி, பையைக் கிழிக்க வேண்டும், வாரத்துக்கு எத்தனை லிட்டர். நடும் விழாவில் படம் எடுப்பவர்கள் ஓராண்டு கழித்து அதே இடத்தில் ஒரு படம் எடுத்துத் தங்கள் நாளிதழுக்கு அனுப்பினால் இன்னும் நல்லது.

இந்த ஆண்டு நடப்போகிறவர்கள், முதல் பெருமழை பெய்து ஓய்ந்து ஒரு மணி நேரம் கழித்துக் குடையோடு வீட்டை ஒரு சுற்று வாருங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கே சுண்ணாம்புப் பொடியைத் தூவாமல் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அந்த இடத்தில் குழி வெட்ட வேண்டாம். வாழைக்கும் சேம்புக்கும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தாம்பரம்.